கல்லறைத் தகடும் ஒரு உருண்டைப் புளியும்

அன்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு ஒரே வீட்டில் இருந்த கோயம்புத்தூர் நண்பன், கார் வைத்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், எங்களுக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டு, பட்டம் வாங்கிய கையோடு கலிபோர்னியாவின் குபெர்டினோவில் வேலைக்குப் போய்விட்ட அண்ணன். இன்னொருவர், அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அண்ணன் வந்திருந்தால் நாங்கள் செய்ததைப் படம் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். மற்றவர் இருந்திருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

நியூ ஜெர்சியில் ரயில் ஒரு நிமிடம் நின்று போகும் சின்ன ஊர் அது. அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் ஒரு கணிதக்காரர். பெயரைச் சொல்லமாட்டேன், சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது பின்னால் வரும். அவர் பெயரில் ஒரு தேற்றம் இருக்கிறது. எம்.எஸ்ஸி. படிக்கும்போது வகுப்பில் அதைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பரீட்சைக்கு வராது என்று சொல்லித் தாண்டிவிட்டார்கள். பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போன பிறகு விடுதியில் தங்கி, நான்கு நாள் உட்கார்ந்து அதன் நிரூபணத்தை வரிவரியாகப் பிடித்தேன். கடைசி வரி விளங்கியபோது மாலை ஐந்து மணி இருக்கும். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தேன். எல்லா அறையிலும் பூட்டுத் தொங்கியது. சமையல்காரர்கூட ஊருக்குப் போயிருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என் கல்லூரி விண்ணப்பத்துக்காகத்தான். நான் அமெரிக்காவில் என்ன படிக்கிறேன் என்று கேட்டால் கணக்கு என்பேன். நாலு வருசமா ஒரே கணக்கா, இன்னுமா விடை வரல என்பாள். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுகிறாளாம். அது சுலபமாக இருக்கிறது என்றாள்.

அந்தக் கல்லறைக்கு என்னை முதலில் கூட்டிப்போனவர் அண்ணன். முனைவர் பட்டத்துக்கான தகுதித் தேர்வு எழுதப்போகிறவர்கள் ஒரு பென்சிலைக் கொண்டுபோய் அந்தக் கல்லின்மேல் வைப்பார்கள். பாஸானால் போய் இரண்டாவது பென்சில் வைக்கவேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. சீனர்கள், ஈரானியர்கள், எல்லோரும் வைத்திருந்தார்கள். கல்லின் மேல் விளிம்பில் மழையில் வெளுத்த பென்சில்களும் செப்புக் காசுகளும் கூழாங்கற்களும் கிடந்தன. நான் முதல் தடவை பெயிலானேன். அப்போது யாரும் சொல்லாமலே போய் இன்னொரு பென்சில் வைத்தேன், சும்மா, கோபத்தில். அடுத்த ஆறு மாதத்தில் பாஸானபோது மூன்றாவதையும் வைத்தேன். மூன்று பென்சில் வைத்த ஆள் நான் ஒருவன்தான் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அதற்கப்புறம் காரணமில்லாமலும் போக ஆரம்பித்தேன். துறையில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. எதிர் மேசைக்காரன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வருவான், மாட்டிக்கொண்டே போவான். சில வெள்ளிக்கிழமைகளில், அந்த வாரம் முழுக்க நான் வாயைத் திறந்து பேசியது பஸ் டிரைவரிடம் சொன்ன தேங்க் யூ மட்டும்தான் என்று தோன்றும். சனிக்கிழமை ரயிலேறி அந்த ஊருக்குப் போவேன். கல்லறைக்கு எதிரே ஒரு மேப்பிள் மரமும் அடியில் ஒரு பெஞ்சும் உண்டு. கொண்டுபோன சோற்றைத் தின்றுவிட்டு, அந்த வாரம் எங்கே சிக்கிக்கொண்டேன் என்பதை மெதுவாகத் தமிழிலேயே அவரிடம் சொல்வேன். சொல்லும்போது சில சமயம் சிக்கல் அவிழும். பெரும்பாலும் அவிழாது.

இடையில் ஒரு கோடைக்காலம் கலிபோர்னியாவில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அண்ணன் வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். பக்கத்து ஊரில் ஒரு பெரிய இயற்பியல்காரரின் சமாதி இருக்கிறது, போகலாமா அண்ணே என்றேன். கண்டிப்பா போலாண்டா, இந்த வீக்கெண்ட் மட்டும் ஓபன் ஹவுஸ் பாக்கணும் என்றார். அடுத்த வாரமும் வீடு பார்த்தார். நான் இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கே நிற்கும் கல்லே கிடையாது. புல்தரையோடு தரையாகத் தகடுகள் பதித்திருந்தார்கள். தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சுற்றிச் சுற்றி அடித்து என் ஷூ நனைந்தது. ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். யாருகூடய்யா போன என்று குரல் செய்தி வந்தது. ஃப்ரெண்ட்ஸ்கூட என்று பதில் போட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் தொடக்கம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும் நாள். அக்கா புள்ளியியல் படிக்க வந்தவர். இளவாலைப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அப்பாவின் கல்லறை ஊரில் இருக்கிறது. இங்கே அவருக்கு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது, நாட்டில் தங்க அனுமதி கேட்கும் வழக்கு. அது முடியும்வரை வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாள் அந்த வாரம்தான் வந்தது. ஊரில் அன்றைக்கு எல்லோரும் குடும்பத்தோடு போய்க் கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

"இஞ்ச எனக்கெண்டு கழுவ ஒரு கல்லறை இல்லைத் தம்பி. உங்கட ஆளையெண்டாலும் போய்ப் பாப்பம், வாங்கோ."

என் நண்பன் இயற்பியல். அவனுக்குக் கல்லறை, கணிதம் இரண்டிலும் நம்பிக்கை கிடையாது. வழியில் எடிசன் என்ற ஊரில் நம்மூர்ச் சாமான் வாங்கலாம் என்றதால் வந்தான். காரின் பின்னால் அரிசி, வெங்காயம், ஒரு கட்டிப் புளி எல்லாம் ஏறின. கடைவாசலில் தொட்டியோடு செவ்வந்தி விற்றார்கள். இந்த ஊரில் இலையுதிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு வாசலில் அதை வைப்பார்கள். எங்கட ஊரிலை கல்லறைக்கும் இதே பூத்தான் என்று அக்கா மஞ்சளாக ஒரு தொட்டி எடுத்துக்கொண்டார்.

அந்தக் கல்லறையைச் சொல்லவேண்டும். செதுக்காத ஒரு பெரிய கருங்கல், இடுப்பு உயரம். அதில் சாப்பாட்டுத் தட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெண்கலத் தகடு. பெயர், இரண்டு வருடங்கள், அடியில் ஒரு சமன்பாடு. ஆனால் தகடு முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூத்துப்போய், எழுத்தைக் கண்ணால் படிப்பதைவிட விரலால் தடவிப் படிப்பது சுலபம். நான் அப்படித்தான் படித்துப் பழகியிருந்தேன். அது அழுக்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அக்கா சுற்றிவந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்ன தம்பி, பெரிய ஆள் பெரிய ஆள் எண்டு சொன்னியள். ஒருத்தரும் வந்து கழுவிப் பாக்கிறேல்லையோ?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏதோ என் வீட்டுப் பெரியவரை நான் கவனிக்காமல் விட்டது போல. மூன்று வருடமாக எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன், ஒரு துணி எடுத்துத் துடைத்ததில்லை.

அம்மா எங்கள் ஊரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். கார்த்திகைக்கு முந்தின வாரம் அந்த வீடுகளின் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் வெளியே வரும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவேன். புளியை ஊறவைத்துக் கரைக்காமல் பிசைந்து அப்பி, கொஞ்ச நேரம் விட்டு, வட்டமாகத் தேய்க்காமல் ஒரே போக்கில் இழுத்துத் தேய்க்கவேண்டும். இல்லையென்றால் கோடு விழும். என் கை அம்மாவின் கையைவிடச் சுத்தம் என்று அந்த வீட்டுக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கா வந்து நாலு வருடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லக்கூடிய ஒரு காரியம் எதிரே நின்றது.

காருக்கு ஓடிப்போய்ப் புளியை எடுத்து வந்தேன். ஒரு உருண்டை பிய்த்துத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துப் பிசைந்தேன். தேய்க்க நார் இல்லை. வெங்காய மூட்டையின் சிவப்பு வலையைக் கிழித்துச் சுருட்டிக் கொடுத்தது என் நண்பன்தான். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பச்சை கரைந்து இறங்குவதைப் பார்த்ததும் குனிந்து வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"டார்டாரிக் ஆசிட் மாப்ள. காப்பர் ஆக்சைடக் கரைச்சுப்போடும். இன்னுங் கொஞ்சம் அப்பு, ரியாக்சன் நடக்கட்டும்."

அவன் சொன்ன வேதியியலில் ஒரு தப்பும் இல்லை. முக்கால் மணி நேரம் தேய்த்தோம், மாற்றி மாற்றி. அக்கா காரில் கிடந்த ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் எழுத்துகளின் இடுக்கைத் தேய்த்தார். கழுவிவிட்டுப் பார்த்தால் தகடு பொன்னாக நின்றது. சமன்பாட்டின் அடுக்குக்குறிகூட எட்டு அடி தூரத்திலிருந்து தெரிந்தது. அக்கா செவ்வந்தித் தொட்டியை வைத்து, ஆளுக்கொன்றாக மூன்று மெழுகுவர்த்தி கொடுத்தார். ஏற்றினோம். அவர் கண்ணை மூடி முணுமுணுத்தார். நடுவில் அவருடைய அப்பா பெயர் வந்தது. நண்பன் எதற்கும் இருக்கட்டும் என்று கையைக் கூப்பினான். நாலரைக்கே இருட்ட ஆரம்பித்தது. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பார்கள், அதனால் எதுவும் சொல்லாமல் கிளம்பினோம். திரும்பிப் பார்த்தபோது வரிசை வரிசையாக இருந்த கற்களுக்கு நடுவே அது ஒன்றுதான் தெரிந்தது.

படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அன்று அம்மாவே கூப்பிட்டாள்.

"தங்கமாட்டம் இருக்குய்யா. புளி போட்டா தேய்ச்ச?"

ஆமாம்மா என்றேன். கை மறக்கலையே உனக்கு என்றாள். எந்த சாமி என்று கேட்டாள், சாமி இல்லை, ஒரு வாத்தியார் என்றேன். வாத்தியாருக்குச் செஞ்சா நல்லதுதான் என்றாள். நான் இந்த நாட்டில் செய்ததில் அவளுக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினாள் என்று பிறகு தெரிந்தது.

ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். நாலு வருடத்தில் முதல் தடவை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. போவது சுலபம், திரும்பி வரவேண்டுமானால் சென்னையில் புதிதாக நேர்காணலுக்குப் போய் முத்திரை வாங்கவேண்டும். அந்தப் படிவத்தில் உங்கள்மீது எப்போதாவது போலீஸ் நடவடிக்கை உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. எப்போதோ காரை வேகமாக ஓட்டி வாங்கிய அபராதச் சீட்டுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவன், பார்க்கிங் தகராறில் விசா போனவன் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் தினம் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்த காலம். நான் அந்தக் கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தேன். அப்போது அது உண்மை.

டிசம்பர் இரண்டாம் வாரம் தனியாகக் கல்லறைக்குப் போனேன். ஊருக்குப் போவதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று. தூரத்திலேயே தெரிந்தது, தகட்டின்மேல் பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம். பக்கத்தில் போனேன். பொன்னாக இருந்த தகடு திட்டுத்திட்டாகச் செம்மண் நிறத்தில் மங்கிப்போயிருந்தது. அதன் கீழே கருங்கல்லில் புளிச்சாறு வழிந்த இடமெல்லாம் கறைக்கோடுகள். பூத்தொட்டியைக் காணோம். காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: இந்தப் பழமையான தகட்டை யாரோ சேதப்படுத்தியிருக்கிறார்கள்; பல பத்தாண்டுகளாக அதன்மேல் படிந்த இயற்கையான பூச்சு அழிந்துவிட்டது; விவரம் தெரிந்தவர்கள் அலுவலகத்தையோ போலீசையோ தொடர்புகொள்ளவும்.

மூன்று தடவை படித்தேன். சேதம் என்ற வார்த்தையை நான் செய்த ஒன்றுக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. பெஞ்சில் உட்காரத் தோன்றவில்லை. அடுத்த ரயிலுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது, பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

வீட்டில் நண்பன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். முதுகலையோடு படிப்பை முடித்துக்கொண்டு ஜனவரி முதல் டெக்சஸ் மாநிலத்து இர்விங்கில் வேலைக்குச் சேரப்போகிறான். காகிதத்தின் படத்தைக் காட்டினேன். நன்றாகப் பெரிதாக்கிப் படித்தான். கேமரா இருந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"அப்பறம் என்னடா? எவன் பாத்தான்? அரிச்சந்திரன் வேசம் கட்டீட்டுப் போயி நிக்காத. போலீஸ்னு போட்டிருக்கறான் பாரு. ஸ்டாம்பிங்ல கேட்டா என்ன சொல்லுவே? உங்கம்மாளப் பாக்கப் போறியா, இல்ல அங்கியே உக்காந்துக்கப் போறியா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. போய்ச் சொன்னால், ஊருக்குப் போனவன் திரும்பமுடியாமல் போகலாம்; அல்லது பயந்துகொண்டு ஊருக்கே போகாமல் இருக்கவேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. மறுநாள், விட்டுடு, ட்ராவல் முடியட்டும் என்று ஒரு வரி. அக்காவைப் போனில் கூப்பிட்டேன். காகிதத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"நான்தான் கழுவச் சொன்னனான். எனக்குத் தெரியும். நீங்கள் போறதெண்டால் போங்கோ தம்பி, நான் மறிக்கேல்லை. என்ர பேரை மட்டும் சொல்லாதேங்கோ. என்ர கேஸ் இன்னும் முடியேல்லை."

அழுகிறார் என்று தெரிந்தது. சரிக்கா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒரு வாரம் எதுவும் ஓடவில்லை. போகவேண்டும் என்று ஒரேயடியாக முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. சனிக்கிழமை வந்தது, கை பழக்கத்தில் டப்பாவில் சோற்றைப் போட்டது. மூடியை மூடும்போதுதான், எங்கே கொண்டுபோய்த் தின்பது என்ற கேள்வி வந்தது. அந்தக் காகிதத்தை எதிரே வைத்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார முடியாது. அது இல்லையென்றால் இந்த நாட்டில் எனக்கு சும்மா போய் உட்கார இன்னோர் இடம் கிடையாது. ரயிலேறினேன்.

அலுவலகம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே அறை. கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மையார் கணினி முன்னால் இருந்தார். ரயிலில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே அவர் கையை உயர்த்தி நிறுத்தி, பின்னறையில் இருந்தவரைக் கூப்பிட்டார். காதை மூடிய தொப்பியோடு உயரமான ஒரு வயதானவர் வந்தார், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். எதைப் போட்டுத் தேய்த்தாய் என்றுதான் முதலில் கேட்டார். புளிக்கு ஆங்கில வார்த்தை சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. ஒரு பழம், புளிப்பாக இருக்கும், எங்கள் ஊரில் விளக்கு தேய்ப்போம், என் அம்மாவுக்கு அதுதான் தொழில் என்றேன். எலுமிச்சையோ வினிகரோ என்று நினைத்தேன், பழமா என்று அம்மையாரைப் பார்த்தார். வெண்கலத்தை இங்கே பச்சை பிடிக்கவென்றே விடுவார்கள். அந்தப் பச்சைதான் அதற்குச் சட்டை, மழையிலிருந்து காப்பாற்றுவது என்று சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் செவ்வந்தித் தொட்டி அங்கே இருந்தது. பனி விழுந்தால் செத்துவிடும் என்று உள்ளே எடுத்து வைத்தேன், அப்படியும் கருகிவிட்டது என்றார். கல்லை உடைக்க வருகிறவன் பூத்தொட்டி கொண்டுவர மாட்டான் என்று அன்றே இவளிடம் சொன்னேன் என்றார். பிறகு, நீ மட்டுமா வந்தாய் என்று கேட்டார்.

நான் மட்டும்தான் என்றேன்.

மெழுகுவர்த்தி மூன்று இருந்தது என்றார்.

மூன்றையும் நானே ஏற்றினேன் என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, சரி, ஒரு ஆள் என்று எழுதிக்கொள் என்று அம்மையாரிடம் சொன்னார்.

போலீசிடம் அவர்கள் போகவே இல்லை. பள்ளிக்கூடப் பையன்களைப் பயமுறுத்த அந்த வார்த்தையைப் போட்டதாம். ஆனால் தகட்டைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் ஆளிடம் கொடுத்து, பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். கல்லின் கறையையும் எடுக்கவேண்டும். பில் என் முகவரிக்கு வரும் என்றார்கள். இன்னொன்றும் கேட்டுக்கொண்டார்கள்: படத்தையும் பெயரையும் எங்கேயும் போடவேண்டாம், பார்த்துவிட்டு நாலு பேர் பழத்தோடு வந்துவிடுவார்கள். வாக்குக் கொடுத்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து சோற்றைத் தின்றேன். குளிரில் தயிர் கட்டியாக இருந்தது. அவரிடம் சொல்ல அன்று என்னிடம் ஒரு கணக்கும் இல்லை.

பில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. என் உதவித்தொகையில் இருந்து அதைக் கட்டவும் ஊருக்குப் போகவும் இரண்டும் முடியாது. டிக்கெட்டை ரத்து செய்தேன். அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் உண்மை வந்துவிட்டது.

"அழுக்கைத் தேய்ச்சதுக்கா காசு கேக்கான்?"

"அது அழுக்கு இல்லையாம்மா. இங்க அதுக்குத்தான் மதிப்பாம்."

பின்னால் யாரோ வீட்டு மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. வேலை செய்யும் வீட்டில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். நாந்தானய்யா உனக்கு அதைச் சொல்லிக்குடுத்தேன் என்றாள். பிறகு, போயிச் சொன்னியா, சொல்லாம வந்துட்டியா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். சரி, அடுத்த பொங்கலுக்கு வா, இந்த வீட்டம்மா பாக்காக, வைக்கேன் என்றாள்.

ஜனவரியில் நண்பன் இர்விங்குக்குப் போனான். இரண்டு படுக்கையறை வீட்டில் ஒன்று காலியானது. போலீஸ் வரவில்லை என்று சொன்னபோது, நாந்தா அப்பவே சொன்னனில்ல, அவனுக ஒண்ணும் பண்ணமாட்டானுக என்றான். எவ்வளவு ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் சம்பளம் வந்த அன்று கேட்காமலே ஒரு தொகை அனுப்பி, புளிக்கு என்று எழுதியிருந்தான். அக்கா அடுத்த மூன்று மாதமும் முதல் தேதியில் ஒரு உறையை எங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குள் வரவில்லை. ஒருநாள் ஜன்னல் வழியாக அவருடைய கார் கிளம்புவதைப் பார்த்தேன். கையைக் காட்டினேன், பார்த்தாரா தெரியவில்லை.

ஏப்ரலில் தகடு திரும்பி வந்தது. போய்ப் பார்த்தேன். பழுப்பும் பச்சையுமாக, பழையது போலவே செய்திருந்தார்கள். விரலால் தடவினேன். எழுத்துகள் இருந்தன. தகட்டைக் கழற்றும்போது பென்சில்களை எடுத்தவர்கள் அவற்றைத் திருப்பி அதே இடத்தில் வைத்திருந்தார்கள், வரிசையாக. எனக்குத் தெரிந்த மூன்றையும் தேடினேன், அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெளுப்பு. அன்று அந்த வயதானவர் தூரத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் துடைப்பத்தை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

தகட்டுக்கும் கல்லுக்கும் ஆயிரத்து முந்நூற்று எண்பது டாலர். டிக்கெட்டை ரத்து செய்ததற்குப் பிடித்துக்கொண்ட இருநூறையும் சேர்த்தால், ஆயிரத்து ஐந்நூற்று எண்பது.